புதிய செயற்கைக்கோள்கள் நம் புகைமூட்டத்தில் எதைக் காணும்? எதைக் காணாது?

செந்தூல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். காற்றில் கலந்துள்ள வளிமங்களையும் நுண்துகள்களையும் விண்ணிலிருந்து அளக்கும் மூன்று முக்கியக் கருவிகள் 2025ஆம் ஆண்டில், சில வார இடைவெளியில், ஏவப்பட்டன. ஜூன் இறுதியில் ஜப்பானின் கோசாட்-ஜிடபிள்யூ செயற்கைக்கோள் தானேகாஷிமாவிலிருந்து புறப்பட்டது. ஜூலை 1ஆம் தேதி சென்டினல்-4 கருவியைச் சுமந்துகொண்டு எம்டிஜி-எஸ்1 ஃபுளோரிடாவிலிருந்தும், ஆகஸ்டு நடுப்பகுதியில் சென்டினல்-5 கருவியுடன் மெட்டாப்-எஸ்ஜி ஏ1 பிரெஞ்சு கயானாவிலிருந்தும் சென்றன. இடைநிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இச்செய்திகளை வகுப்பில் சொன்னபோது, "சுமத்ராவில் தீப்பற்றினால் இவை நமக்கு என்ன சொல்லும்?" என்று மாணவர்கள் கேட்டார்கள்.

எனக்கும் நெடுநாளாக ஒரு குழப்பம் உண்டு. புகைமூட்ட நாள்களில் செயற்கைக்கோள் வரைபடம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் அடர்சிவப்பாகக் காட்டும். அதே நேரத்தில் ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 90க்குள், அதாவது மிதமான நிலையிலேயே, நிற்கும். வேறொரு நாளில் இது தலைகீழாகவும் இருக்கும். வருங்காலக் கருவிகள் இந்த முரண்பாட்டைத் தீர்க்குமா? விவரம் அறிந்தோர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பாயான் பாரு

வணக்கம் ஆசிரியரே. தொலையுணர்வுத் தரவுகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நீங்கள் சொன்ன மூன்றில் சென்டினல்-4 நம்மைப் பார்ப்பதே இல்லை. அது புவிநிலை வட்டப்பாதையில், அதாவது புவியோடு சேர்ந்து சுழன்று எப்போதும் ஒரே இடத்துக்கு மேல், நின்று ஐரோப்பாவை மட்டும் மணிக்கொரு முறை வருடும். வட அமெரிக்காவுக்கு அதே பணியை 2023 ஏப்ரலில் ஏவப்பட்ட டெம்போ செய்கிறது. ஆசியாவுக்கு அந்த இடத்தில் இருப்பது 2020 பிப்ரவரியில் தென்கொரியா அனுப்பிய ஜெம்ஸ். இந்த வரிசையில் முதலில் சென்றது அதுதான். கிழக்கு நெட்டாங்கு 128.2 பாகையில் நிற்கும் ஜெம்ஸ், தெற்கே 5 பாகை முதல் வடக்கே 45 பாகை வரை பார்ப்பதால், கோலாலம்பூரும் பினாங்கும் அதன் பார்வைக்குள் வருகின்றன. நம் ஊடகங்கள் ஐரோப்பிய ஏவுதல்களைக் கொண்டாடும் அளவுக்கு இதைப் பற்றி எழுதியதில்லை என்பது என் மனக்குறை.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருவோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஐபியு என்பது அந்தக் கணத்து அளவு அன்று. நுண்துகள்களைப் பொறுத்தவரை அது கடந்த 24 மணி நேரத்தின் நகரும் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. காலை பதினொரு மணிக்குப் புகை வந்து சேர்ந்தால், முந்தைய நாளின் தூய காற்றும் அந்தச் சராசரிக்குள் இருப்பதால் குறியீடு மெல்லத்தான் ஏறும். புகை விலகிய பிறகும் மெல்லத்தான் இறங்கும். செயற்கைக்கோளோ தான் கடந்த நொடியில் கண்டதை மட்டுமே சொல்கிறது.

இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. நிலையத்தில் உள்ள கருவி நாம் மூச்சு விடும் உயரத்துக் காற்றை உறிஞ்சி எடைபோடுகிறது. செயற்கைக்கோள், தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை நிற்கும் காற்றுத் தூண் முழுவதிலும் எவ்வளவு உள்ளது என்பதை, திரும்பி வரும் சூரிய ஒளியில் எந்த அலைநீளங்கள் குறைந்துள்ளன என்பதைக் கொண்டு கணிக்கிறது. சுமத்ராவிலிருந்து வரும் புகை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் கடந்து போனால், வரைபடம் சிவக்கும், குறியீடு அசையாது. இரவில் மெல்லிய அடுக்காகத் தரையோடு படிந்த புகைக்குள் நாம் காலையில் வேலைக்குப் புறப்படும்போது நிலைமை தலைகீழாக மாறுகிறது. கூர்மையான படம் எடுப்பதால் மட்டும் இந்த முரண்பாடு தீர்ந்துவிடாது. உயரமும் நேரமும் தெரிந்தால்தான் தீரும்.

கிள்ளான் பொறியாளர்

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் அடிப்படையான கேள்வி ஒன்றை யாரும் எழுப்பவில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது நாங்கள் இங்கேதான் வாழ்ந்தோம். அதுவரை குறியீட்டின் எண்ணைக்கூட மக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்தார்கள்; அந்த மாதத்தில்தான் அது பொதுவில் வந்தது. 2013 ஜூனில் மூவாரில் குறியீடு 746ஐ எட்டியது. அப்போதும் தீப்புள்ளிகளைக் காட்டும் செயற்கைக்கோள்கள் மேலே இருந்தன. புகை எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரியாத இரகசியமாக இருந்ததா? எல்லை கடந்த புகைமூட்டம் குறித்த ஆசியான் உடன்படிக்கை 2002இல் நம் கோலாலம்பூரிலேயே கையெழுத்தாயிற்று. இந்தோனேசியா அதை ஏற்புறுதி செய்ய 2014 வரை ஆயிற்று. கருவி இல்லாததால் நேர்ந்த தாமதமா இது? மேலும் மேலும் கருவிகளை அனுப்புவது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கான நாகரிகமான வழியாக ஆகிவிடக்கூடாது என்பதே என் கவலை.

பட்டர்வொர்த் தாதி

பொறியாளர் ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் கேள்வி சிறியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் "இன்று மாலை வெளியே விளையாட விடலாமா" என்பதற்கு ஒரு பதிலைச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறேன். கைப்பேசியில் தெரியும் செயற்கைக்கோள் வரைபடத்தை நம்பி அதைச் சொல்லலாமா?

பாயான் பாரு

தாதி அம்மாவுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த முடிவைச் செயற்கைக்கோள் வரைபடத்தை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள தரை நிலையத்தின் அளவே முதன்மையானது. அடுத்த சில மணி நேரங்களில் புகை எந்தத் திசையிலிருந்து நெருங்குகிறது என்பதை அறிய மட்டும் விண்படத்தைப் பயன்படுத்துங்கள். ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரி-9 பத்து நிமிடத்துக்கொரு முறை அனுப்பும் படத்தில், மேகம் இல்லாத நேரங்களில், மலாக்கா நீரிணையைக் கடக்கும் புகையின் முன்விளிம்பை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

பொறியாளர் ஐயாவின் கேள்வி கடினமானது. சட்டத்தின் வேலையைச் செயற்கைக்கோள் செய்யாது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தீப்புள்ளி வேறு, வளிம அளவீடு வேறு. தீப்புள்ளி என்பது அகச்சிவப்பு ஒளியில் தெரியும் வெப்பம். கரிச்சேற்று நிலம், அதாவது மக்கிய தாவரங்கள் அடர்ந்து படிந்த சதுப்பு நிலம், மண்ணுக்கடியில் தணலாக, குறைந்த வெப்பத்தில், வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே சுவாலை இராது. அதன் மீது அதனுடைய புகையே கவிந்திருக்கும். அதற்கும் மேலே மேகம். இத்தகைய தீயைப் புள்ளியாகக் காண்பது பல வேளைகளில் இயலாது. ஐரோப்பாவின் கோபர்னிகஸ் முன்னறிவிப்பு முறை தீயின் கதிர்வீச்சு ஆற்றலிலிருந்தே புகையின் அளவைக் கணிப்பதால், கரிநிலத் தீயை அது குறைத்து மதிப்பிட நேர்கிறது. அரைகுறையாக எரியும் அந்தத் தணலே கார்பன் மோனாக்சைடை ஏராளமாக வெளியிடுகிறது. அந்த வளிமம் காற்றில் வாரக்கணக்கில் நிலைப்பதால், புள்ளி தெரியாத தீயையும் அதன் வழித்தடத்தைக் கொண்டு பின்தொடரலாம்.

இங்கேதான் இப்போதுள்ள கருவிகளின் இடைவெளி தெரிகிறது. ஜெம்ஸ் மணிக்கொரு முறை பார்த்தாலும், அது 300 முதல் 500 நானோமீட்டர் வரையிலான புறஊதா, நீல ஒளியை மட்டுமே பகுக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, ஓசோன், ஃபார்மால்டிஹைடு, நுண்துகள் ஆகியவை அதற்குப் புலப்படும். கார்பன் மோனாக்சைடு புலப்படாது. 2017 அக்டோபரில் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி, 2.3 மைக்ரான் அலைநீளத்தில் கார்பன் மோனாக்சைடை நன்றாகவே அளக்கிறது. ஆனால் நாளுக்கு ஒரு முறை, அதுவும் சூரிய நேரப்படி பிற்பகல் ஒன்றரை மணியளவில். அந்நேரத்தில் கோலாலம்பூர் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தித்திவங்சா மலைத்தொடரின் மீது மேகங்கள் குவிந்து, மாலை இடிமழைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும். மேகத்துக்குக் கீழே உள்ளதைக் கருவியால் காண முடியாது.

ஆகவே, சென்டினல்-5 நமக்குத் தரும் பெரும் நன்மை அது கடக்கும் நேரம் என்று கருதுகிறேன். மெட்டாப்-எஸ்ஜி ஏ1, சூரிய நேரப்படி, காலை ஒன்பதரை மணி வட்டப்பாதையில் செல்கிறது. மேகக் குவியல் உருவாகும் முன்பே, காலைப் போக்குவரத்தின் புகையும் இரவில் தங்கிய புகைமூட்டமும் இன்னும் கலையாத நேரத்தில் அது நம்மைப் பார்க்கும். படக்கூறின், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் அடைக்கும் பரப்பின், அளவு ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர்; ட்ரோபோமியின் 5.5க்கு 3.5 கிலோமீட்டரைவிட இது பெரியது. புதிய கருவி என்றால் கூர்மை கூடித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போர் ஏமாறக்கூடும். நம் தட்பவெப்பத்துக்கு, கூர்மையான பிற்பகல் படத்தைவிட மங்கலான காலைப் படமே பயனுள்ளது என்பது என் கருத்து.

லெம்பா பந்தாய் மாணவி

ஐயா, அப்படியானால் கார்பன் மோனாக்சைடை மணிக்கொரு முறை அளக்கும் கருவி ஆசியாவுக்கு வரவே வராதா? உயரம் தெரிய வேண்டும் என்றீர்களே, அதற்கு என்ன வழி?

பாயான் பாரு

நல்ல கேள்விகள். சீனாவின் ஃபெங்யுன்-4 வரிசைச் செயற்கைக்கோள்கள் 2016 முதல் புவிநிலை வட்டப்பாதையில் ஒளியை அலைநீளங்களாகப் பிரித்து அளக்கும் அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்றைச் சுமக்கின்றன. வெப்பநிலையும் ஈரப்பதமும் அறியவே அது வடிவமைக்கப்பட்டது என்றாலும், அதன் நிறமாலையிலிருந்து கார்பன் மோனாக்சைடைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானும் ஹிமாவாரி-10இல் அத்தகைய கருவியைப் பொருத்தத் திட்டமிட்டுள்ளது. இந்தப் பத்தாண்டின் இறுதிவாக்கில் ஏவுவது அவர்கள் இலக்கு. இக்கருவிகள் பகுக்கும் வெப்ப அகச்சிவப்பு, சூரிய ஒளியை நம்பியிராததால் இரவிலும் அளக்கலாம். ஆனால் தரையும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது தரையோரக் காற்று அதற்குச் சரியாகத் தெரியாது. நடு உயரங்களே தெளிவாகத் தெரியும். புறஊதா, நீலம், அகச்சிவப்பு மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் முழுமை கிட்டும்.

உயரத்துக்கு லைடார்தான் நேரடி வழி. சீரொளித் துடிப்பை அனுப்பி, அது திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்து புகை எந்த அடுக்கில் நிற்கிறது என்று அறிவது. 2006 முதல் அதைச் செய்துவந்த கலிப்ஸோ 2023இல் ஓய்வு பெற்றது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய எர்த்கேர் இப்போது அந்தப் பணியைச் செய்கிறது. ஆனால் அது தன் பாதைக்கு நேர் கீழே ஒரு மெல்லிய திரைச்சீலையின் அகலத்தையே வெட்டிக் காட்டும். ஒரே இடத்துக்கு மேல் மீண்டும் வர 25 நாள்கள் ஆகும். அதைக் கொண்டு மற்றக் கருவிகளின் உயரக் கணிப்பைச் சரிபார்க்கலாம். அன்றாடக் கண்காணிப்புக்கு அது போதாது.

நிபோங் தெபால் ஆலைக்காரர்

நான் செம்பனை எண்ணெய் ஆலைகளில் நெடுங்காலம் வேலை செய்தவன். ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து குமிழியிட்டு வரும் மீத்தேனை விண்ணிலிருந்து ஆலை ஆலையாக அளக்கப் போகிறார்கள் என்று வாங்குவோர் தரப்பிலிருந்து அவ்வப்போது அச்சுறுத்தல் வருகிறது. இது உண்மையில் நடக்கக்கூடியதா?

பாயான் பாரு

உடனடியாக, எல்லா ஆலைகளுக்கும் என்றால், கடினம். எண்ணெய்க் கிணற்றுக் குழாயிலிருந்து பீறிடும் மீத்தேன் ஒரு புள்ளியிலிருந்து எழும் கீற்றாகத் தெரியும். திறந்த குளத்திலிருந்து வருவதோ பரந்து, மெலிந்து எழுவது. மீத்தேனை அளக்கப் பயன்படும் குறுஅலை அகச்சிவப்பில் நீர்ப்பரப்பும் ஈரநிலமும் ஏறக்குறைய கருமையாகத் தெரிவதால், திரும்பி வரும் ஒளி மிகக் குறைவு. அதற்கு மேல் நம் மேகங்கள். ட்ரோபோமியின் மீத்தேன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். மத்தியக் கிழக்குப் பாலைநிலங்கள் நிறைந்திருக்கும், தீபகற்ப மலேசியா பெரும்பாலான நாள்களில் வெற்றிடமாக இருக்கும். கோசாட்-ஜிடபிள்யூவின் கூர்நோக்கு முறை 90 கிலோமீட்டர் அகலத்தில் ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையிலான கூர்மையைத் தரும். அதுவும் ஒரு வட்டாரத்தின் மொத்தத்தைச் சொல்லுமேயொழிய, உங்கள் குளத்தைச் சுட்டிக்காட்டாது. சில பத்து மீட்டர் கூர்மையுள்ள தனியார் கருவிகள் இருக்கின்றன. வானம் தெளிந்த நாளில், கசிவும் பெரிதாக இருந்தால், அவற்றுக்கு அகப்படலாம். ஆனால் குளத்தை மூடி, வளிமத்தைப் பிடித்து மின்சாரமாக்குவது எப்படியும் செய்ய வேண்டியதுதானே.

கிள்ளான் பொறியாளர்

அப்படியானால் காப்பார் நிலக்கரி மின்நிலையம்? அதன் புகைப்போக்கி எங்கள் வீட்டு மாடியிலிருந்தே தெரிகிறது. அதையாவது அளப்பார்களா?

பாயான் பாரு

அதற்கான முயற்சிதான் ஐரோப்பாவின் சிஓ2எம் திட்டம். இரண்டு கிலோமீட்டர் சதுரக் கூறுகளில், 250 கிலோமீட்டர் அகலத்தில், கரியமில வாயுவை 0.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) துல்லியத்தோடு அளக்க வேண்டும் என்பது அதன் வரையறை. காற்றில் ஏற்கெனவே 420 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது. மின்நிலையத்தின் கீற்று அதற்கு மேல் ஓரிரு பிபிஎம் கூட்டினாலே பெரிது. எனவே கீற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கரியமில வாயுவை மட்டும் வைத்துப் பிரித்தறிவது சிரமம். அதே எரிப்பில் பிறக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு சில மணி நேரமே வாழ்வதால் பின்னணியில் மிகக் குறைவாக இருக்கும். கீற்று பளிச்சென்று தெரியும். ஆகவே இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் வைத்து, நைட்ரஜன் டை ஆக்சைடு வரைந்து காட்டிய எல்லைக்குள் கரியமில வாயுவை எண்ணுகிறார்கள். கோசாட்-ஜிடபிள்யூவும் இதே உத்தியைக் கையாள்கிறது. காப்பாரைச் சுற்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வாகனப் புகை கலந்திருப்பதால், பேராக் கடற்கரையில் தனித்து நிற்கும் மஞ்சோங் மின்நிலையமே இதற்கு எளிதான இலக்காக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தனித்து நிற்பதன் நன்மைக்கு நம் கண்ணெதிரே பழைய சான்று ஒன்று உண்டு. 1995இல் சென்ற கோம் கருவியின் படக்கூறு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுடையது. இன்றைய அளவுகோலில் குருட்டுக் கண். ஆயினும் பல ஆண்டுத் தரவைச் சராசரியாக்கியபோது, இலங்கையின் தென்முனையிலிருந்து சுமத்ராவின் வடமுனை வரை நேர்கோடாக ஒரு நைட்ரஜன் டை ஆக்சைடு தடம் தெரிந்தது. மலாக்கா நீரிணைக்கு வரும் கப்பல்களின் புகைதான் அது. சுற்றிலும் வெறுங்கடல் என்பதால் மறைக்க ஒன்றும் இல்லை.

செந்தூல் ஆசிரியர்

இவ்வளவும் படித்த பிறகு, விண்ணில் உள்ள கருவியைவிடத் தரையில் உள்ளதைப் பற்றியே கேட்கத் தோன்றுகிறது. இவற்றின் அளவு சரி என்று நம் மண்ணில் யார் உறுதி செய்கிறார்கள்?

பாயான் பாரு

என் ஆதங்கமே அதுதான். நம்மிடம் ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் ஏரோநெட் வலையமைப்பின் சூரிய ஒளிமானி ஒன்று, துகள்கள் எவ்வளவு ஒளியை மறைக்கின்றன என்று அளக்கிறது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில், காட்டுக்கு நடுவே, உலக வளிமண்டலக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. சிப்பாங்கில், நம் அனைத்துலக விமான நிலையத்தின் பக்கத்திலிருந்து, வானிலை ஆய்வுத் துறை 1998 முதல் ஓசோன் பலூன்களை விட்டுவருகிறது. பலூனின் அடியில் தொங்கும் சிறு பெட்டிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். உள்ளே இழுக்கப்படும் காற்றில் ஓசோன் இருந்தால் வேதிவினை நடந்து மின்னோட்டம் பிறக்கும். பலூன் உயர உயர அந்த மின்னோட்டத்தை எழுதிக்கொண்டே போனால், ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்ற கோடு கிடைத்துவிடும். வெப்பமண்டலப் பலூன் வலையமைப்பான ஷாடோஸ் இப்பதிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறது; எத்தனையோ செயற்கைக்கோள் கருவிகளின் ஓசோன் கணக்கு இத்தகைய பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் திருத்தப்பட்டது.

இவை அரியவை, ஆனால் போதாதவை. ஜெம்ஸ் மணிக்கொரு முறை நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்கும்போது, கீழேயிருந்து சூரியனை நோக்கி அதே தூணை அளக்கும் பண்டோரா போன்ற நிறமாலைமானிகள் நகரத்துக்கு இரண்டு மூன்று இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் புகை தரையோடு கிடக்கும். நண்பகலில் அது ஒன்றரை கிலோமீட்டர் வரை கலந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைச் செயற்கைக்கோள் நேரடியாக அறியாது. கணினி மாதிரி ஒன்று சொல்லும் வடிவத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது. அந்த வடிவம் நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று நம் ஊரில்தான் பார்க்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் விலையோடு ஒப்பிட்டால் தரைக்கருவிக்கு ஆகும் செலவு அற்பமானது.

கிள்ளான் பொறியாளர்

இந்த ஒன்றில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பிறர் நாட்டுக் கருவியின் கணக்கை நம் தரை அளவு கொண்டு நாமே உறுதி செய்து வைத்தால்தான், நாளை ஆசியான் கூட்டத்தில் அதை எடுத்துக்காட்டும்போது எதிர்த்தரப்பு "உங்கள் மேகம், எங்கள் புகை அன்று" என்று தட்டிக்கழிக்க முடியாது. சட்டம் வேண்டும் என்ற என் நிலை மாறவில்லை.

லெம்பா பந்தாய் மாணவி

ஆண்டிறுதி ஆய்வுக்காக 2019ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது கிள்ளான் பள்ளத்தாக்கின் மீதிருந்த நைட்ரஜன் டை ஆக்சைடையும் கார்பன் மோனாக்சைடையும் ட்ரோபோமி தரவில் ஒப்பிட எண்ணியுள்ளேன். ஜெம்ஸ் அப்போது இல்லை என்பது தெரியும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பாயான் பாரு

கோபர்னிகஸ் தரவு இலவசம் என்பதால் பதிவிறக்கத்தில் தடை இராது. கவனிக்க வேண்டியது தர மதிப்பு என்ற எண்; ஒவ்வொரு கூறின் அளவும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அது 0 முதல் 1 வரை சொல்லும். நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 0.75க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு 0.5 போதும். வழக்கமான நாள்களில் அது சரியான அறிவுரைதான். ஆனால் அடர்ந்த புகை, கருவியின் கணக்கில் மேகத்தைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், புகை மிகக் கடுமையாக இருந்த கூறுகளே தர மதிப்புக் குறைந்து வடிகட்டப்படக்கூடும். அதை அறியாமல் மாதச் சராசரி வரைந்தால், மோசமான நாள்கள் வெளியேறிவிட, செப்டம்பர் மாதம் இருந்ததைவிடத் தூய்மையாகத் தெரியும். எனவே சராசரி எடுக்கும் முன்பு, ஒவ்வொரு கூறிலும் எத்தனை நாள் தரவு எஞ்சியது என்று ஒரு தனி வரைபடம் வரைந்துகொள்ளுங்கள். விடுபட்ட நாள்களை ஐபியு பதிவுகளோடு ஒட்டிப் பாருங்கள். விடுபட்டவை மேக நாள்களா, புகை நாள்களா என்பது தெரிந்த பிறகு சராசரிக்குப் போகலாம்.